பூட்டு அசையுமா?

ஏ.எல். உயிரியலுக்கு நாங்கள் பாடமாக்கினது இதுதான்: நொதியம் பூட்டு, கீழ்ப்படை திறப்பு. 1894இல் எமில் பிஷர் சொன்ன உவமை. எழுதினால் புள்ளி, அதோடு விட்டுவிட்டோம்.

ஆனால் பூட்டு அசையாது, நொதியம் அசையும். ஹெக்சோகைனேஸுக்குள் குளுக்கோஸ் வந்து இருந்ததும், நொதியத்தின் இரண்டு மடல்களும் கிட்ட வந்து அதை மூடிக்கொள்ளும். தண்ணீர் வெளியே தள்ளப்படும். அதனால்தான் ஏ.ரீ.பி.யின் பொஸ்பேற்று தண்ணீரிடம் வீணாகாமல் குளுக்கோஸிடமே போகிறது. வேலை முடிய, மடல்கள் திரும்பவும் விரியும். கீழ்ப்படை வந்த பிறகுதான் பொருத்தமே உருவாகிறது என்று 1958இல் டானியல் கோஷ்லண்ட் சொன்னது இதைத்தான்.

பயோ எண்டால் வெறும் பாடமாக்கல்தான் எண்டு வெறுத்து, எங்களில் சிலர் இடையிலேயே விட்டிட்டம். அந்த அசைவை அப்பவே ஆராவது காட்டியிருக்கலாம்.