காலி அறைக்கு வாடகை கிடையாது

இப்போதெல்லாம் படிப்பை முடித்த பிள்ளைகள் வேலைக்குப் போவதற்கு முன் கொஞ்ச நாள் இடைவெளி எடுத்துக்கொள்கிறார்கள். மலைக்குப் போகிறார்கள், கடற்கரை ஊரில் தங்கி ஏதாவது வேலை பார்க்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்கெல்லாம் பெயர் கிடையாது. கடைசிப் பரீட்சைக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மாதம் கிடைக்கும். அந்த நாட்களில் வீட்டில் சும்மா இருந்தால் அப்பாவின் கண்ணில் படாமல் இருப்பதே பெரிய பாடு. அப்படிக் கிடைத்த ஒரு மாதத்தை 1974-இல் கன்னியாகுமரியில் ஒரு சின்ன லாட்ஜில் கழித்தேன். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் பி.காம். கடைசி வருடப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த லாட்ஜில் மேனேஜராக இருந்தார். "கோடை சீசன், ஆள் பத்தல. மருமவன அனுப்பி வையி, மாசம் 60 ரூவா, சாப்பாடு நம்ம பொறுப்பு" என்று அம்மாவுக்குக் கார்டு போட்டிருந்தார். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினேன். வள்ளியூர், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் வழியாகப் போனது. அப்போது கன்னியாகுமரிக்கு ரயில் கிடையாது. 1979-இல்தான் ரயில் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள் திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் பஸ்ஸில்தான் வரவேண்டும். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதனால்தான் எல்லாம் நடந்தது.

லாட்ஜ் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே எட்டு, மேலே ஆறு, ஆக 14 அறைகள். டபுள் ரூம் நாளுக்கு 12 ரூபாய். மாடி வராந்தாவில் நின்றால் விவேகானந்தர் பாறை தெரியும். பாறை மேல் மண்டபம் திறந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. அதைப் பார்க்கக் கல்கத்தா, நாக்பூர், ஆமதாபாத் என்று எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். வள்ளுவர் சிலையெல்லாம் அப்போது கிடையாது. பக்கத்துப் பாறை வெறும் பாறையாகத்தான் கிடந்தது.

எனக்கு முதல் வேலை விடியற்காலை 5 மணிக்கு. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "சார், உதயம், உதயம்" என்று எழுப்ப வேண்டும். மே மாதத்தில் அங்கே சூரியன் 6 மணியை ஒட்டி உதிக்கும். எழுப்ப மறந்தால் அன்றைக்கு அந்த அறைக்காரர் வாடகை தரமாட்டார். மேகம் மூடினாலும் என்னைத்தான் முறைப்பார்கள், நான்தான் சூரியனை ஒளித்து வைத்த மாதிரி. எல்லோரும் கடற்கரைக்குப் போன பிறகு பின்கட்டில் பெரிய அண்டாவில் வெந்நீர். கொதும்பும் பனைமட்டையும்தான் விறகு. 7 மணிக்குத் திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு வாளி.

கடலோர லாட்ஜின் தொல்லைகள் தனி. உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை திண்டுக்கல் பூட்டுகளைக் கழற்றித் தேங்காய் எண்ணெய் விடவேண்டும், இல்லாவிட்டால் சாவி உள்ளேயே முறிந்துவிடும். ஜன்னல் கீல்களுக்கும் அதே வைத்தியம். படுக்கை விரிப்பை நாள் முழுக்க வெயிலில் போட்டாலும் ராத்திரி தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்கும். துணியில் ஏறிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். அதனால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கிணற்றுத் தண்ணீரோ உப்பு. நல்ல தண்ணீர் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குவது. மாமா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். ஒரு வாளி வெந்நீருக்கு எத்தனை பைசா விறகு, ஒரு விரிப்பு வெளுக்க எவ்வளவு, எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

மே 6-ஆம் தேதி சித்ரா பௌர்ணமி. மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறுவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம் என்று கூட்டம் அலைமோதும். பௌர்ணமி என்றாலே சூரியனும் சந்திரனும் எதிரெதிரே இருக்கும் நாள்தானே, எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் கடல் இப்படி மூன்று பக்கமும் விரிந்து கிடக்கிற இடம் வேறெங்கே இருக்கிறது? அன்றைக்கு 14 அறையும் நிறைந்து, வராந்தாவிலும் மொட்டை மாடியிலும் பாய்க்கு 2 ரூபாய் வாங்கி ஆட்களைப் படுக்க வைத்தோம். சமையல் ஆச்சி அன்று மூன்று தடவை உலை வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, மே 8-ஆம் தேதி, நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள், 20 நாள். எந்த வண்டி வரும், எது வராது என்று யாருக்கும் நிச்சயமில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். புதிதாக ஒருவரும் வரவில்லை. நிரம்பி வழிந்த லாட்ஜில் ஒரே வாரத்தில் மூன்று அறையில்தான் ஆள்.

அதில் ஒன்று, மேலே 11-ஆம் நம்பர். வங்காளக் குடும்பம். பள்ளிக்கூட வாத்தியார், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், வாத்தியாரின் வயதான தாயார். மே 5-ஆம் தேதி வந்து, நாலு நாள் வாடகையை முன்பணமாகக் கட்டியிருந்தார்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருந்தது, வண்டிதான் இல்லை. வாத்தியார் தினமும் தபாலாபீஸுக்குப் போய் வருவார். கரக்பூரில் இருக்கும் தம்பிக்குப் பணம் கேட்டுத் தந்தி அடித்திருந்தார். பதிலே இல்லை. பிறகுதான் அரைகுறை இங்கிலீஷில் எனக்குச் சொன்னார்: அந்தத் தம்பியே ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறவர், அவரும் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார். எந்த நிறுத்தத்தால் இவர்கள் இங்கே மாட்டிக்கொண்டார்களோ, அதே நிறுத்தத்தால் அங்கே தம்பி கையிலும் காசில்லை.

முதலில் பிள்ளைகளுக்குக் காலை காப்பி நின்றது. பிறகு ஐந்து சாப்பாடு மூன்று சாப்பாடு ஆனது. வாத்தியாரின் தாயார் முதலிலிருந்தே வெளியே சமைத்ததைத் தொடமாட்டார். விதவை, ஆசாரம் அதிகம். ஒரு வேளை சோறு, தானே வடித்தது. ஆச்சி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் பின்கட்டில் ஓர் அடுப்பைக் கழுவி மெழுகி, "மக்கா, அந்தப் பாட்டிகிட்ட சொல்லு, இனி இது அவுங்க அடுப்பு. நான் தொடமாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து அரிசியும் பருப்பும் லாட்ஜ் கணக்கில் போனது. குடும்பத்துக்கே பாட்டிதான் சமைத்தார். மாமா ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் மட்டும் எழுதினார்.

முதலாளி நாகர்கோவிலில் இருந்தார். வாரம் ஒருமுறை கணக்குப் பார்க்க வருவார். 11-ஆம் நம்பரில் எட்டு நாளாக வாடகை வரவில்லை என்று கண்டதும் சத்தம் போட்டார். "காலி பண்ணச் சொல்லும். இல்லேன்னா நகை நட்டு ஏதாவது இருந்தா வாங்கி வையும்." பேச்சு புரியாவிட்டாலும் விஷயம் மாடிக்கு எட்டிவிட்டது. சாயங்காலம் வாத்தியாரின் மனைவி கீழே வந்து, கையிலிருந்த ஒரே தங்க வளையலைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். வெள்ளைச் சங்கு வளையல் மட்டும் கையில் மிச்சம். மாமா அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, "எடுத்துக் கையில குடுல. இத வாங்கிட்டா இது அடகுக் கடை. நாம லாட்ஜுல்லா நடத்துதோம்" என்றார்.

மறுநாள் நாகர்கோவிலுக்கு முதலாளியைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். இரக்கம் காட்டச் சொல்லிக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மாமா அந்த வார்த்தையையே எடுக்கவில்லை. நோட்டை விரித்தார்.

"இப்ப 11 ரூமு காலியாக் கெடக்கு. நிறுத்தம் முடியற வரைக்கும் ஒரு குருவி வராது. காலி ரூமுக்கு வாடகை எவ்வளவு? சைபர். இவுங்க இருந்தா நமக்கு வெறகு, தண்ணி, வெளுப்பு, கரண்டு எல்லாஞ் சேத்து நாளைக்கு 3 ரூவா செலவு. 12 ரூவா வரலயேன்னு நெனச்சா நஷ்டம். 6 ரூவான்னு போட்டு எழுதிவச்சா, என்னைக்கு வந்தாலும் 3 ரூவா லாபம். வெளிய அனுப்பிட்டா அதுவும் இல்ல."

முதலாளி யோசித்தார். "வராமப் போனா?"

"எஞ்சம்பளத்துல பிடியுங்க."

மாமாவின் சம்பளம் 200 ரூபாய். வீட்டில் நாலு பிள்ளைகள்.

நான் மூன்று வருடம் காஸ்ட் அக்கவுண்டன்சி படித்தவன். நிலையான செலவு, மாறும் செலவு என்று பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சையும் எழுதிவிட்டு வந்திருந்தேன். அது எதற்காக என்று அந்த மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான் புரிந்தது. கணக்குத் தெரிந்தவன் கல்நெஞ்சக்காரன் என்று பொதுவாகச் சொல்வோம். அன்றைக்கு ஒரு குடும்பத்தைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றியது கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அதற்கு நோட்டுப் போதாது.

மே 27-ஆம் தேதி வேலைநிறுத்தம் வாபஸ் ஆனது. 29-ஆம் தேதி காலை 11-ஆம் நம்பர் காலியானது. முன்பணம் போக 20 நாள் வாடகை, 6 ரூபாய் வீதம் 120. அரிசி, பருப்பு வகையில் 60. பஸ்ஸுக்கும் வழிச் செலவுக்கும் மாமா தன் கையிலிருந்து கொடுத்தது 40. மொத்தம் 220. வாத்தியார் நோட்டில் வங்காளத்தில் கையெழுத்துப் போட்டார். கீழ்வீட்டு அறையில் இருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் ஹைதராபாத் போக வேண்டியவர்கள். அவர்கள் கணக்கில் 36 ரூபாய். அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டி போகும்போது அடுப்பை மெழுகிக் கோலம் போட்டுவிட்டுப் போனார். ஆச்சி இரண்டு நாள் அதில் தீ மூட்டவில்லை.

மே 31-ஆம் தேதி நானும் ஊர் திரும்பினேன். கடல் கொந்தளிக்கத் தொடங்கி, பாறைக்குப் படகு நின்று நின்று ஓடிய சமயம். மாமா 60 ரூபாயைச் சுளையாக எண்ணிக் கொடுத்தார். அந்த மாதம் அவர் வீட்டுக்கு எவ்வளவு கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூன் போனது. ஒன்றும் வரவில்லை. முதலாளி சொன்னபடியே சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார். அம்மா மட்டும், "இவனுக்கு எதுக்கு ஊர் வம்பு" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். ஜூலையில் 110 ரூபாய் மணியார்டர் வந்தது. ஆகஸ்டில் இன்னொரு 110. இரண்டாவது மணியார்டர் கூப்பனில் இங்கிலீஷில் இரண்டு வரி இருந்ததாக மாமா எழுதியிருந்தார்: தம்பிக்கு வேலை போய்விட்டது, அதனால்தான் தாமதம். அப்புறம், அந்தப் பையன் பரீட்சையில் பாஸானானா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

பாஸாகியிருந்தேன். அதை மாமாவே பதில் எழுதிவிட்டார்.

ஹைதராபாத் பையன்களின் 36 ரூபாய் வரவேயில்லை. அதையும் மாமாதான் கட்டினார். சில வருடம் கழித்து நான் கேட்டேன், ஏமாற்றம் இல்லையா என்று. "ரெண்டு பேருக்கு எழுதுனோம். ஒருத்தன் குடுத்துட்டான், அதுவும் பெரிய கணக்கு. யாவாரத்துல இது நல்ல விகிதம்ல" என்றார். அந்த 36 ரூபாய் வரியை அவர் கடைசிவரை அடிக்கவில்லை.

பிறகு நான் ஒரு வங்கியில் சேர்ந்து 38 வருடம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி கடன் கொடுக்கும் மேஜை. மழை பொய்த்த வருடம் தவணை கட்ட முடியாமல் வந்து நின்ற விவசாயிகள், தறி நின்றுபோன நெசவாளிகள் என்று எத்தனையோ பேர். ஜப்தி நோட்டீஸ் அனுப்புவது சுலபம். அதற்கு முன் ஒரு காகிதத்தை எடுத்து, இவரை வெளியே தள்ளினால் வங்கிக்கு என்ன கிடைக்கும், தவணையைத் தள்ளி எழுதினால் என்ன கிடைக்கும் என்று இரண்டு வரி போட்டுப் பார்ப்பேன். பல தடவை இரண்டாவது வரிதான் பெரிதாக வந்தது. மேலதிகாரிகளிடம் நான் இரக்கம் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. மாமா மாதிரி கணக்கைத்தான் காட்டினேன். பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள்.