குறிப்பேடு

எங்கள் மகளுக்கு நான்கு வயதாயிருக்கையில், 2016ஆம் ஆண்டில், மூளையின் வலப்புறத்திலிருந்த கட்டியை அறுவைச் சிகிச்சையால் அகற்றினார்கள். தழும்பைக் கூந்தல் மறைத்தது. நாங்களும் மெல்ல மறந்தோம். எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு காலை, அவளது இடக்கை மரத்துத் தம்ளர் நழுவிற்று. அரை நிமிடம் எங்கோ வெறித்திருந்தாள். பிறகு, "ஏன் ரெண்டு பேரும் என்னை அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் புதிய கட்டி இல்லை, இ.இ.ஜி. பதிவும் சீராகவே இருந்தது. மூளையிலுள்ள தழும்பு பல்லாண்டு கழித்தும் வலிப்பைத் தூண்டக்கூடும், அரைமணி நேரப் பதிவோ அந்த அரைமணியை மட்டுமே காட்டும் என விளக்கினார் மருத்துவர். ஆயினும், "இது அதுதானா என்று தெரியவில்லை" என்றார். சினந்திருக்க வேண்டும், ஏனோ அவர்மீது மதிப்பே உண்டாயிற்று. நிகழ்வதை நாள், நேரத்தோடு எழுதி வைக்கப் பணித்தார்.

குறிப்பேடு வாங்கினோம். அவள் எதைத் தூக்கினாலும் எங்கள் கண்கள் அவள் விரல்களிலேயே இருந்தன. உறக்கத்திலும் எட்டிப் பார்த்தோம்; அவள் அறியாள் என்றே எண்ணினோம். சென்ற வாரம் ஏட்டைப் புரட்டியபோது, அவள் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "இன்று 7 மணி முதல் 9 மணி வரை அப்பாவும் அம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை நன்றாக இருக்கிறது."