சந்தையில் வாழும் சொற்கள்

ஸ்பானிய பாஷையின் ஐசுவரியத்தை அறிய விரும்புவோர் காய்கறிச் சந்தையில் சற்று நேரம் நிற்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். மெக்சிகோவில் ‘அகுவாகாத்தே’ என்று கூவி விற்கப்படும் வெண்ணெய்ப் பழம் பெருவிலும் சிலியிலும் ‘பால்தா’ என்றும், மெக்சிகோவில் ‘எலோத்தே’ எனப்படும் இளம் மக்காச்சோளக் கதிர் அவ்விரு தென் நாடுகளில் ‘சோக்லோ’ என்றும் வழங்குவதற்குக் காரணம், முன்னவற்றை மெக்சிகோப் பூர்வகுடிகளின் நாவாத்தல் மொழியும் பின்னவற்றைத் தென் அமெரிக்கப் பூர்வகுடிகளின் கெச்சுவா மொழியும் ஈந்திருப்பதேயாகும். 1713-இல் மாட்ரிடில் ஸ்தாபிதமான ஸ்பானிய ராஜாங்க அகாதெமியின் அகராதியிலும் இவை யாவும் இன்று ஸ்தானம் பெற்றிருப்பது எனக்குப் பரம சந்தோஷம் தருகிறது. படையெடுத்து வந்த ஸ்பானியரின் பாஷைக்குள்ளேயே, தோற்கடிக்கப்பட்ட ஜனங்களின் சொற்கள் விலை கேட்பார் வாயிலும் சமைப்பார் வாயிலும் நித்தியம் ஒலித்து ஜீவித்திருக்கையில், அவற்றுள் ஒன்றைச் சுத்தமென்றும் மற்றொன்றைக் கொச்சையென்றும் தீர்ப்புக் கூற எவருக்கும் அதிகாரமில்லை.