ஏற்றமும் இழுவையும்

மலைநாட்டின் வாயில் என நாவலப்பிட்டியை அழைப்பது வெறும் அலங்கார மொழியன்று. 1874ஆம் ஆண்டிலே பேராதனையிலிருந்து இருப்புப்பாதை இவ்வூரை வந்தடைந்தது. அப்பால் ஹற்றனை அது எட்டியது 1884ஆம் ஆண்டிலாகும். இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 34 கிலோமீற்றரே. எனினும் அதற்குள் பாதை ஏறத்தாழ 680 மீற்றர் உயர்கின்றது. கலபொட, வட்டவளை, றொசெல்ல எனத் தொடரும் அப்பாதையின் மண்ணை வெட்டியோரிலும் கல்லைச் சுமந்தோரிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலராவர்.

மலைப்பாதையின் மிகக் கடிய சாய்வு 44க்கு 1 ஆகும். நீராவிக் காலத்தில், முன்னே ஓர் எஞ்சின் இழுக்க, பின்னே மற்றோர் எஞ்சின் தள்ளவே வண்டிகள் இவ்வூரிலிருந்து மேலே புறப்பட்டன. சமதரையில் ஒரு தொன் பாரத்தை இருப்புப்பாதையிலே நகர்த்தச் சில கிலோகிராம் எடைக்குச் சமமான விசையே போதும். இச்சாய்விலோ அதனுடன் மேலும் 23 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். எரிதணலின் முன் நின்று கரியை அள்ளியிட்ட தொழிலாளியின் தோளே இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தது.

1950களின் நடுப்பகுதியில் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் இப்பாதைக்கு வந்தன. அவற்றின் டீசற்பொறி சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை. அது மின்னைப் பிறப்பிக்கின்றது. அம்மின்னே அச்சுகளிலுள்ள மோட்டார்களை இயக்குகின்றது. ஆகவே மலைநாட்டின் பாரத்தை மின்மோட்டார் இழுக்கத் தொடங்கி எழுபது ஆண்டுகளாகின்றன. நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையையும் தரவல்லது மின்மோட்டார். ஏற்றத்திற்கு அதனினும் உகந்த பொறி வேறில்லை.

அவ்வாறாயின், மின்கலத்தால் ஓடும் இன்றைய மோட்டார்வண்டி பாரம் இழுக்கத் தயங்குவதேன்? மேலைநாடுகளில் விடுமுறைக் காலத்தே படுக்கையும் அடுப்பும் அமைந்த முகாம் வண்டியைக் காரின் பின்னே பூட்டிச் செல்வர். மின்கார் அதனை இழுக்கையில் ஒருமுறை மின்னேற்றி ஓடக்கூடிய தூரம் பாதியளவாகக் குறைவதுமுண்டு. குறை மோட்டாரில் இல்லை, சேமிப்பிலேதான் உள்ளது. ஒரு கிலோகிராம் டீசலில் அடங்கிய சக்தி, அதே எடையுள்ள மின்கலத்தில் அடங்குவதைப் போலப் பல பத்து மடங்காகும். நெடுஞ்சாலை வேகத்தில் உயர்ந்த முகாம் வண்டியின் முகப்பு காற்றோடு மோதுகின்றது. வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகின்றது.

ஆயின் மலைப்பாதையின் கணக்கு வேறு. இரண்டு தொன் காரும் ஒரு தொன் இழுவைவண்டியும் நாவலப்பிட்டியின் உயரத்திலிருந்து ஹற்றனின் உயரத்திற்கு ஏறுவதாகக் கொள்வோர், உயர்வுக்கு மட்டும் சுமார் 5½ அலகு மின் செலவாதலைக் காண்பர். உராய்வும் ஏனைய இழப்புகளும் இதன் மேலதிகம். முதலில் வந்த நிசான் லீஃப் காரின் மின்கலம் கொண்டது 24 அலகு. வளைவு மிகுந்த பாதையில் வேகம் குறைவாதலால் காற்றின் தொல்லை சிறிது. அன்றியும், இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாகி, ஏற்றத்திற் செலவானதில் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றது. வெறும் தடைக்கட்டையால் நிறுத்தப்படும் வண்டியிலோ அச்சக்தி முழுவதும் சூடாகி வீணாகின்றது. சுவிற்சர்லாந்தின் கல்லகழ்வொன்றில், வெறுமையாக மேலேறிப் பாரத்துடன் கீழிறங்கும் மின்லொறியொன்று இவ்வழியிலே தன் தேவையின் பெரும்பகுதியைத் தானே ஈட்டிக்கொள்கின்றது.

மலைநாட்டிலே பின்னே பூட்டப்படும் வண்டி உல்லாசத்திற்குரியதன்று. உழவு இயந்திரத்தின் பின்னே கொழுந்து மூடைகளைச் சுமந்து ஆலைக்குச் செல்லும் வண்டியே அது. சில வேளைகளில் நோயாளியையும் அதுவே சுமக்கின்றது. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போது வாகனங்கள் நிரையிலே நாட்கணக்காகக் காத்துக் கிடந்தன. தோட்டத்து மேற்பிரிவிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டியோருக்கு அது வெறும் அசௌகரியமாக இருக்கவில்லை.

இத்தனைக்கும் மின்சாரம் பிறப்பது இம்மலைகளிலேதான். 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நிலையம் 201 மெகாவாற்று வலுவுடையது. தலவாக்கலையில் நீரைத் தேக்கும் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் 150 மெகாவாற்றைச் சேர்த்தது. அந்நீர் இறங்கிப் பிறப்பித்த ஒளி நகரங்களைச் சென்றடைந்த பின்னரும் பல லயங்கள் நெடுங்காலம் குப்பிவிளக்கிலே கிடந்தன. மின்வண்டி பற்றிய பேச்சு செல்வரின் காரோடும் விடுமுறைப் பயணத்தோடும் நின்றுவிடுமாயின் அப்பழைய கதையே மீண்டும் நிகழும். கொழுந்து இழுக்கும் வண்டிக்கும் நோயாளியை இறக்கும் வண்டிக்கும் முதலில் மின்னேற்றும் வசதி தோட்டங்களில் அமையவேண்டும். மலையிலிருந்து இறங்கும் நீர், மலையேறுவோரின் பாரத்தை இழுக்கட்டும்.