நாட்டுத் திராட்சை

பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டு என்று யாராவது விற்றால் எனக்குக் கோபம் தலைக்கேறும். கம்பத்தில் ஒரு கல்யாணம் முடித்து, கட்டிய பட்டோடு சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக்குப் போனபோதும் அந்தக் குணம் கூடவே வந்தது.

பந்தலுக்குள் குனிந்துதான் நடக்க முடிந்தது. கருநீலக் கொத்துகள் தலையில் இடித்தன. தோட்டக்கார அம்மா ஒரு கொத்தை அறுத்துத் தந்தார். "சாப்பிடு தாயி, நாட்டுத் திராட்சை."

பழத்தின் மேல் விபூதி பூசியதுபோல் ஒரு படலம், விரலில் ஒட்டியது. தோல் லேசாகத் துவர்த்தது. பிறகு சதை நழுவி, வாயெல்லாம் பன்னீர் மணம். கொட்டை இருக்கிறதென்று எங்கள் வீட்டில் இதை ஜூஸுக்கு மட்டுமே வாங்குவோம். எத்தனை வருஷம் வீணாக்கியிருக்கிறோம்!

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இது நாட்டு ரகம் இல்லையேம்மா" என்றேன். பன்னீர்த் திராட்சையின் உண்மைப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். வட இத்தாலி மலைச்சரிவுகளில் இன்றும் வைனுக்குப் பயிராகும் ஸ்கியாவா க்ரோஸ்ஸாவும் அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டும் சேர்ந்து பிறந்தது. இந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்கிறார்கள்.

அம்மாவின் முகம் சுருங்கியது. "எங்க மாமனார் வச்ச கொடி. முல்லைப் பெரியாத்துத் தண்ணி குடிச்சு வளந்தது, வெளியூராக்கும்?"

குளிர்நாட்டில் இந்தக் கொடி இலையுதிர்த்துத் தூங்கும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. இங்கே அதற்குத் தூக்கமில்லை. கவாத்து செய்தால் துளிர்த்து, நாலு மாதத்தில் பழம். அதனால் கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்காவது அறுவடை நடக்கிறது. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

"நீ கட்டியிருக்கியே, அந்தப் பட்டு உங்க ஊருல வெளையுதா?"

நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. சொன்னேன். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவினார். "இத யாரு சேத்தது?"

"எங்கப்பா. கரை நாடாவை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வீசினது நான்."

"அப்புறம் என்ன தாயி," என்று இன்னொரு கொத்தை அறுக்கப் போனார்.