ஹஸ்ரத்தின் குரல்

பர்கூரில் நமது மதரஸாவின் பாடப்பதிவுகளைப் புதிய கணினிக்கு மாற்றினோம். ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், புதிதாகவே நிறுவிக்கொண்டோம். முன்பு யாரோ உரிமமின்றிப் போட்டுத் தந்த இரைச்சல் நீக்கும் பிளகினை விட்டுவிட்டோம். குர்ஆன் பாடத்திற்கு அது வேண்டாம்; அவ்வசதி ஆடாசிட்டியிலேயே உண்டு.

மர்ஹூம் ஹஸ்ரத் ஓதிய யாசீன் பதிவைத் திறந்தோம். ஒலியே இல்லை. 2021 மார்ச்சுக்கு முந்தைய பதிப்புகளில் ஏயூபி கோப்பு வெறும் குறிப்பேடுதான். குரல் இருப்பது அதனருகில் 'டேட்டா' என்று பெயர் முடியும் கோப்புறையில். அதை நாம் நகலெடுக்கவில்லை. பழைய கணினியோ காலையிலேயே ஒரு சகோதரரின் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டது.

லுஹர் தொழுததும் ஓடினோம். அவர் இன்னும் எதையும் அழிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கோப்புறையைச் சேர்த்துத் திறந்ததும் முதலில் கேட்டது ஹஸ்ரத்தின் இருமல். வெட்டிவிட நினைத்திருந்த பகுதி அது.