வில்வம் என்று நினைத்தேன்!

அறுபத்தெட்டு வயதுக்கு மேல் ஒருத்தி பொய் சொல்லப் பழகக் கூடாது. பழக்கமில்லாத கைக்கு அது சரியாக வராது. நான் சொன்ன ஒரே ஒரு சின்னப் பொய், என் பேத்தியின் கண்ணை இரண்டு நாள் திறக்க விடாமல் மூட வைத்தது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

உங்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கக்கூடும். பேரனையோ பேத்தியையோ பார்க்கப் புறப்படும்போது சாம்பார்ப் பொடி, வடகம், அப்பளம் என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போவீர்கள். அவற்றோடு இந்த அனுபவத்தையும் ஒரு மூலையில் செருகிக்கொண்டு போங்கள். எடை ஒன்றும் கூடாது.

என் பிள்ளை கலிபோர்னியாவில் குபர்டினோ என்ற ஊரில் இருக்கிறான். 2023-ம் வருஷம் நவராத்திரிக்கு நான் அங்கே இருந்தேன். மருமகள் ஒவ்வொரு வருஷமும் ஐந்து படி வைத்துக் கொலு வைக்கிறவள். நான் வந்திருப்பதால் இந்தத் தடவை ஏழு படி என்று தீர்மானமாயிற்று. கீழே பூங்கா அமைக்கும் பொறுப்பு எனக்கும் ஏழு வயதுப் பேத்திக்கும்.

கொலுவுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிள்ளை எங்களை ரான்சோ சான் அன்டோனியோ என்ற இடத்துக்கு உலாவ அழைத்துப் போனான். ஊரை ஒட்டியே மலைச்சரிவு, ஓக் மரங்கள், காய்ந்து பொன்னிறமான புல். வாசலில் ஒரு போர்டைக் காட்டி, "அம்மா, இங்கே இலை, பூ எதையும் பறிக்கக் கூடாது. பாய்ஸன் ஓக் என்று ஏதோ விஷச் செடி வேறு உண்டாம். பாதையை விட்டு இறங்காதே" என்றான்.

விஷச் செடி என்றால் நம் மனசில் என்ன தோன்றும்? முள்ளும் முரடுமாக, பார்த்தாலே பயப்படும்படி ஒரு ஜந்து மாதிரி நிற்கும் என்றுதான் நினைத்தேன்.

சிறிது தூரம் போனதும் பிள்ளைக்கு ஆபீஸிலிருந்து டெலிபோன் வந்தது. பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டான். அப்போதுதான் அதைப் பார்த்தேன். பாதை ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு புதர். இலையெல்லாம் குங்குமச் சிவப்பு. எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. ஒவ்வொரு காம்பிலும் மூன்று மூன்று இலை. நடு இலை கொஞ்சம் நீண்ட காம்போடு எட்டி நிற்கும். பக்கத்துக்கு ஒன்றாக மற்ற இரண்டும் ஒட்டி நிற்கும்.

மூன்றிலை என்றால் நமக்கு வேறு என்ன ஞாபகம் வரும்? "பார்த்தாயா, சிவப்பு வில்வம்!" என்றேன் பேத்தியிடம். ஒரு கொத்தைப் பறித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் கண்ணிலும் ஒற்றினேன். பிறகு கை நிறையப் பறித்து என் ஜவுளிக் கடைத் துணிப்பையில் அமுக்கினேன். போர்டு ஞாபகம் வந்தது. "அப்பாவிடம் சொல்லாதே, கண்ணு. கொலுவுக்குத்தானே!" என்றேன். அவள் வாயில் விரலை வைத்துச் சிரித்தாள்.

வீட்டில் மருமகள், "இலை ரொம்ப அழகாக இருக்கிறதே அத்தை, எங்கே கிடைத்தது?" என்று கேட்டாள். "தெருவில் உதிர்ந்து கிடந்தது" என்றேன். அந்தத் தெருவில் மேப்பிள் மரங்கள் சிவந்து இலை உதிர்த்துக்கொண்டிருந்த சமயம். அவள் ஏன் சந்தேகப்படப் போகிறாள்?

மறுநாள் முழுவதும் பாட்டியும் பேத்தியுமாக அந்த மூன்றிலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து, கத்தரித்து, அட்டையில் ஒட்டி, பூங்காவுக்குச் சிவப்பு மரங்கள் செய்தோம். தெப்பக்குளத்தைச் சுற்றி அந்த மரங்களை நட்டபோது, மாம்பலத்துக் கொலுவெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம் என்று பெருமைப்பட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை, முதல் நாள் கொலு. காலையில் குழந்தை எழுந்து வந்தாள். இடது கண் ரப்பை பணியாரம் போல் வீங்கியிருந்தது. கன்னத்தில் சிவப்புத் தடிப்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, கோடு கிழித்தாற்போல் வரிசையாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பிறாண்டிப் பிறாண்டி அழுதாள். என் மணிக்கட்டிலும் கழுத்திலும் அதே நமைச்சல்.

மருமகள் புதுப் பட்டுப் பாவாடையைச் சந்தேகித்தாள். பிள்ளை, "காட்டில் எதையாவது தொட்டீர்களா அம்மா?" என்று என்னைப் பார்த்தே கேட்டான். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். சம்பந்தி வீட்டார் வேறு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "இல்லையேப்பா, உஷ்ணம்தான்" என்றேன். காலையில் சாய்ந்துபோன இலை மரங்களை நிமிர்த்தி வைத்த கையாலேயே தேங்காய் எண்ணெய் எடுத்துக் குழந்தையின் கன்னத்திலும் கையிலும் நன்றாகத் தேய்த்தும் விட்டேன். அம்மையாயிருக்குமோ என்று யாரோ சொன்னதில், சுண்டலுக்கு வரவிருந்த அக்கம்பக்கத்துக் குழந்தைகளை வர வேண்டாமென்று தடுத்தாயிற்று. என் பேத்தி தனி அறையில், தனித் துண்டோடு, ஒற்றைக் கண்ணால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை இன்னும் மோசம். கண் முழுவதும் மூடிக்கொண்டது. டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். கோடு கோடாக இருந்த கொப்புளங்களைப் பார்த்ததும், குழந்தையிடம் மிகவும் பிரியமாக, "எந்தச் செடியையாவது தொட்டாயா?" என்று கேட்டார். குழந்தை திறந்திருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாது" என்றாள்.

எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அது. எனக்காகச் சொன்னது.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான் பறித்தேன், டாக்டர். மூன்று இலை, சிவப்பு" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். என் வில்வமேதான்!

அந்தச் செடியின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் ஓர் எண்ணெய் இருக்கிறதாம். உருஷியால் என்று பெயர். ஜப்பானில் அழகான மெருகுப் பெட்டிகளுக்குப் பூசுகிறார்களே, 'உருஷி' என்ற மரப்பால், அதிலிருந்து வந்த பெயர். இலையைக் கசக்கினாலோ கிழித்தாலோ எண்ணெய் கசியும். தோலில் ஒட்டினால் சில நிமிஷங்களிலேயே உள்ளே இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தடிப்பு வரும். முதல் தடவை படுகிறவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம். அதனால்தான் எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் பாவாடையையும் சுண்டலையும் குற்றம் சொல்கிறோம்.

"உங்களுக்கு மாம்பழம் பட்டு எப்போதாவது வாய் வெந்திருக்கிறதா?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாகி, ஒரு வாரம் மோர் சாதம் மட்டும் சாப்பிட்டவள் நான். மாமரம், முந்திரி, இந்தச் செடி மூன்றும் ஒரே குடும்பமாம். முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் கை வெந்து கறுத்துப்போவதும் இதே மாதிரி எண்ணெயால்தான்.

நம் ஊர்ச் சேங்கொட்டையும் அந்தக் குடும்பம்தான். அந்தக் காலத்தில் சலவைக்காரர் துணியில் அழியாத குறி போடுவாரே, அந்தக் கொட்டை. சின்ன வயதில் ரவிக்கைக் கழுத்தில் குறி இருந்த இடத்தில் எனக்கு அரித்தது உண்டு. 1943-ல் இந்தியாவுக்கு வந்திருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சலவைக் குறி பட்ட இடத்திலெல்லாம் தடிப்பு வந்ததை, அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் வைத்தியப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்களாம். அவர்களை நம் கொட்டை பதம் பார்த்தது. எண்பது வருஷம் கழித்து என்னை அவர்கள் இலை பதம் பார்த்தது. கணக்கு நேராகிவிட்டது!

முகமும் கண்ணும் வீங்கியிருந்ததால் குழந்தைக்கு உள்ளுக்குச் சாப்பிட ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார். "வீக்கம் வடிந்ததே என்று நான்கே நாளில் நிறுத்திவிடாதீர்கள், திரும்பக் கிளம்பும். இரண்டு வாரத்துக்கு மேல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்" என்றார். மேலுக்குக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, கைக்குக் காலமைன். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். மஞ்சள், வேப்பிலை, எண்ணெய் எதுவும் வேண்டாமென்று என்னைப் பார்த்தே சொன்னார்!

"தொற்றுமா?" என்று மருமகள் கேட்டாள். தொற்றாது. கொப்புளத்துத் தண்ணீர் பட்டாலும் பரவாது. பரவுகிறதெல்லாம் அந்த எண்ணெய்தான். அது துணியில், பையில், செருப்பில், கத்தரிக்கோலில், நாய் வளர்த்தால் அதன் ரோமத்தில், மாதக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். கழுவாத வரையில் தொட்டவர்களையெல்லாம் பிடிக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு நாளும் அந்த இலைகள் கொலுவில்தான் இருந்தன. குழந்தை ஒவ்வொரு மணி நேரமும் போய் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இலைகளையெல்லாம் கொளுத்தினால்தான் என் மனம் ஆறும்போல் இருந்தது. நல்ல வேளையாக டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். கொளுத்தினால் புகையோடு எண்ணெயும் மூச்சில் ஏறி நுரையீரலே வெந்துபோகுமாம். ஆகையால் பிள்ளை கைக்கு உறை மாட்டிக்கொண்டு, பூங்காவை அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்தான். என் துணிப்பையும் கூடவே போயிற்று. கத்தரிக்கோல், கதவுப் பிடி, செருப்பு எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். அன்றைக்குக் கட்டியிருந்த புடவையைத் தனியாகச் சோப்பு நீரில் போட்டாயிற்று.

கொலுவை நடுவில் கலைக்கலாமா என்று எனக்கு ஒரே தவிப்பு. மருமகள் ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை. "அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள் அத்தை. பூங்காவை மட்டும் எடுத்துவிட்டு ஒரு கோலம் போட்டுவிடலாம்" என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பக்கம் போகிற சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லி வைக்கிறேன். மூன்று மூன்றாக இலை இருந்தால் தொடாதீர்கள். வசந்தத்தில் செம்புநிறம், கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் சிவப்பு, குளிர் காலத்தில் வெறும் குச்சி, குச்சியும் ஆகாது. புதராகவும் இருக்கும், மரத்தில் கொடியாகவும் ஏறும். முழுக்கைச் சட்டையும் மூடிய செருப்பும் போட்டுக்கொண்டு பாதை நடுவே நடவுங்கள். பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே, முடிந்தால் பத்து நிமிஷத்துக்குள், சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துத் துடைத்துக் கழுவுங்கள். நகக்கண்ணை மறக்காதீர்கள். நேரமாகிவிட்டாலும் கழுவாமல் இருக்காதீர்கள். முகம், கண், மறைவிடம், அல்லது உடம்பில் பெரும் பகுதியில் வந்தாலும், ஜுரமோ சீழோ கண்டாலும் டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம்.

ஆடு மட்டும் அந்த இலையை ஆனந்தமாகத் தின்னுமாம்; புதரை அழிப்பதற்கென்றே அங்கே ஆட்டு மந்தையை வாடகைக்கு விடுகிறார்கள். நம் ஊரில் ஆடு தொடாத ஆடாதோடை நமக்கு மருந்து. அங்கே ஆடு தின்கிற இலை நமக்கு விஷம்!

விஜயதசமிக்குள் பேத்தியின் கண் நன்றாகத் திறந்துவிட்டது. கையில் மட்டும் தடம் இன்னும் பத்து நாள் இருந்தது. அன்று இரவு அவளைத் தூங்க வைக்கப் போனேன். கதவு பாதி மூடியிருந்தது. உள்ளே மருமகள் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பெரியவர்கள் யாராவது, யாராயிருந்தாலும் சரி, 'சொல்லாதே' என்று சொன்னால், அதைத்தான் முதலில் அம்மாவிடம் வந்து சொல்ல வேண்டும். தெரிந்ததா?"

"பாட்டி சொன்னால்கூடவா?" என்று குழந்தை கேட்டது.

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். "பாட்டி சொன்னால்கூடத்தான்" என்றேன்.